எந்தப் பக்கம் பொங்கியது?

"எந்தப் பக்கம்மா பொங்குச்சு?" என்று 2022ஆம் ஆண்டு தை முதல் நாளன்று அம்மா கைப்பேசியில் கேட்டபோது, "கிழக்குப் பக்கம்" என்று பதில் சொன்னேன். அது பொய். அன்று எங்கள் பானை கிழக்கேயும் பொங்கவில்லை, மேற்கேயும் பொங்கவில்லை. நுரை விளிம்பைத் தொடும் நேரத்தில், எங்கள் சமையல்கட்டில் உதவும் அம்மையார் ஓடிவந்து எரிகிற விறகை வெறுங்கையால் வெளியே இழுத்துப் போட்டு, மரத்துடுப்பால் கிண்டிப் பாலை அடக்கிவிட்டார். எங்களுக்கு முன்னதாகவே விடிந்து, பொங்கலும் இட்டு, வடையும் சுட்டு வைத்துவிட்டு, லால்குடிக்குக் கிழக்கேயுள்ள எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நம் பக்கத்தில் நல்ல சகுனம் என்று கருதும் திசையைச் சொல்லி வைத்தேன். துறவு வார்த்தைப்பாடு கொடுத்தவள் பண்டிகை நாளும் அதுவுமாகப் பெற்றவளிடம் பொய் சொன்னது அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் செவிலியர். எங்கள் சபை என்னை 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலாவிக்கு அனுப்பியது. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில், கடலைத் தொடாமல், நீண்டதோர் ஏரியை ஒட்டிக் கிடக்கும் நாடு அது. அதன் தென்பகுதியில், 3,002 மீட்டர் உயரமுள்ள முலாஞ்சே மலைக்கும், நீர் வெளியேற வழியே இல்லாத சில்வா ஏரிக்கும் இடைப்பட்ட சமவெளியில் எங்கள் சிறிய நல மையம் இருக்கிறது. இல்லத்தில் மூன்று பேர்: கோட்டயத்துக்காரச் சகோதரி ஒருவர், மலாவிச் சகோதரி ஒருவர், நான். என் பொறுப்பில் இருப்பது சத்துக்குறைவால் மெலிந்த குழந்தைகளுக்கான வார்டு.

கிறித்தவர்களுக்கு ஏது பொங்கல் என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பெருவளை வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைகிற ஊர். அறுவடைக்கு நன்றி சொல்வதில் எந்தச் சாமி கும்பிடுகிறவருக்கும் வேறுபாடு கிடையாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடி, திருப்பலியைத் தாய்மொழிக்குக் கொண்டுவந்து, அந்தந்த மண்ணின் வழக்கங்களுக்கும் கோவிலுக்குள் இடம் கொடுத்த பிறகு, கோவில் முற்றத்திலேயே பொங்கல் பானை ஏறியது. நான் சிறுமியாக இருந்தபோது பீடத்தின் இரு பக்கமும் கரும்பு கட்டியிருக்கும். பங்குத்தந்தை பானைக்குத் தீர்த்தம் தெளிப்பார். பால் பொங்கும்போது பெண்கள் குலவையிடுவார்கள். சனவரி 17 வனத்து அந்தோனியார் திருநாள் ஆகையால், மாட்டுப் பொங்கலின் கூடவே அதுவும் வந்து சேர்ந்து, கொம்புக்கு வண்ணம் பூசிய மாடுகள் எல்லாம் கோவில் வாசலில் வரிசையில் நிற்கும். ஆகவே பொங்கலை மலாவிக்கு எடுத்துப் போவது குறித்து எனக்கு ஐயமே எழவில்லை. துணிமணியோடு ஒரு கொத்துக் காய்ந்த மஞ்சளையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

முதல் பொங்கலுக்குப் பொருள் சேர்த்த கதையை இப்போது நினைத்தாலும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. அரிசி உள்ளூரிலேயே கிடைத்தது. சில்வா ஏரியின் சதுப்புக் கரைகளில் நெல் விளைகிறது. பாசிப்பயறு சந்தையில் இருந்தது. வறுத்து உடைத்துப் புடைத்துக்கொண்டேன். வெல்லத்துக்காக, பிளான்டயர் நகரை ஒட்டிய லிம்பே கடைத்தெருவுக்குப் போனோம். தலைமுறைகளாக அங்கே வணிகம் செய்யும் குசராத்தியர் கடை ஒன்றில் அது 'கோள்' என்ற பெயரில் பதுங்கியிருந்தது. ஏலக்காயும் அங்கேயே வாங்கிக்கொண்டோம். முந்திரி விலை கட்டுப்படியாகாமல் நிலக்கடலையே போதும் என்று திரும்பினோம். அந்தத் தெருவில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது எது தெரியுமா? நம் துவரை. மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராகத் தென்மலாவி முழுக்க விளையும் அதை அவர்கள் 'நண்டோலோ' என்கிறார்கள். ஆண்டுக்கு 50,000 டன் துவரையை ஐந்தாண்டுக்கு மலாவியிடமிருந்து வாங்க இந்திய அரசு 2021இல் ஒப்பந்தம் செய்திருக்கிறது. இதைப் படிக்கிறவர் வீட்டுச் சாம்பாரில் எங்கள் பக்கத்துக் காட்டுத் துவரை வெந்திருக்கவும் கூடும். கரும்புக்கும் மாவிலைக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. சனவரியில் மலாவியில் மாமரம் இல்லாத வளவு இல்லை. பானையும் புதிதுதான், சாலையோரத்தில் பெண்கள் வனைந்து விற்கும் மண்பானை. மஞ்சள் கொத்தைக் கழுத்தில் கட்டியதும் அது அசல் நம்மூர்ப் பானையாகிவிட்டது.

எல்லாம் கிடைத்துவிட்டதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

காலையில் முற்றத்தைப் பெருக்கிப் பச்சரிசி மாவால் கோலம் போட்டேன். பதினைந்து புள்ளி, ஊடு புள்ளி எட்டு. நம் ஊரில் கோலமாவு எறும்புக்கு இடும் பிச்சை என்று பெருமையாகச் சொல்வோம் அல்லவா? நான் நிமிர்ந்து பார்த்தபோது, வார்டிலிருக்கும் ஒரு குழந்தையின் அக்கா, நான்கு வயதிருக்கும், கோலத்தின் ஓரத்தில் குந்தியிருந்தாள். ஒரு விரலால் கோட்டைத் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு அடுத்த கோட்டைத் தொட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கஞ்சி கொடுத்தோம் என்பது வேறு. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நான் மலாவியில் மாவுக்கோலம் போட்டதில்லை. அடுப்புச் சாம்பலும் செம்மண்ணும்தான்.

பானை விவகாரம் அதற்குப் பிறகு நடந்தது. விறகை இழுத்துப் போட்ட அம்மையாரை நாங்கள் எல்லாரும் 'அமாயி' என்றே அழைக்கிறோம். சிச்சேவா மொழியில் அதற்கு அம்மா என்று பொருள். என் தாயின் தாயை நாங்கள் அம்மாயி என்று அழைத்து வளர்ந்தவர்கள். இரண்டு சொல்லுக்கும் உறவு ஒன்றுமில்லை என்றாலும், ஊர் நினைப்பு வாட்டிய முதல் மாதங்களில் எனக்கு அந்த ஒலியே பெருந்துணையாக இருந்தது. மரியாதைக்குரியவரைப் பன்மையில் பேசுகிற வழக்கமும் அம்மொழியில் உண்டு என்பதால், 'அவர்', 'நீங்கள்' என்று பேசிப் பழகிய தமிழ் நாக்குக்கு அது ஓரளவு இணங்கி வந்தது. அமாயிக்கு அறுபதைத் தாண்டிய வயது. பால் பொங்கி வழியப் போவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு துறவிகள் கைதட்டிக் கூச்சலிட்டுக்கொண்டு நின்றது அவருக்கு எப்படித் தோன்றியிருக்கும்? விறகை இழுத்துப் போட்டுவிட்டு, விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே, "சகோதரிகளே, நின்றுகொண்டே தூங்கிவிட்டீர்களா?" என்றார். கேலி அல்ல, உண்மையிலேயே கவலைப்பட்டார். கோட்டயத்துச் சகோதரி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பண்டிகை கெட்டுவிட்டது என்ற கோபந்தான் வந்தது. பிறகு, வெந்ததை வாயில் போட்டுப் பார்த்த அமாயி, "இது பாலாதானே?" என்றார். 'பாலா' என்றால் அவர்கள் ஊர்க் கஞ்சி. அரிசியில் கடலைப் பொடியும் சர்க்கரையும் போட்டுக் குழைய வேகவைக்கும் பாலா அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு பாலாவுக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவர் கேட்கவில்லை; முகம் கேட்டது.

அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. உறைக்க அவ்வளவு நேரம் ஆனதே வெட்கத்துக்குரியது, ஏனென்றால் அதற்கான செய்திகள் எல்லாம் என் வார்டுப் பதிவேட்டிலேயே இருந்தன. மலாவியில் நவம்பரில் மழை பிடித்து ஏப்ரல் வரை பெய்யும். முதல் மழைக்கு மக்காச்சோளத்தை ஊன்றுவார்கள். சனவரியில் அது முழங்காலுக்கோ இடுப்புக்கோ வளர்ந்து நிற்கும். அறுவடை ஏப்ரல், மே மாதங்களில்தான். சென்ற ஆண்டு அறுத்தது திசம்பரோடு பல வீடுகளில் தீர்ந்துபோகும். மூங்கில் பின்னிக் கால் நட்டு நிறுத்திய 'ந்கோக்வே' என்னும் தானியக் கூடு, நம் நெற்குதிர் போன்றது, சனவரியில் கவிழ்த்து வைத்த கூடைபோல வெறுமையாகக் கிடக்கும். மாம்பழம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் மாதம் அது. பூசணி இலைக்கீரையும், அதற்கும் வழியில்லாத வீட்டில் மாட்டுக்குப் போடும் சோளத் தவிடும் அடுப்பேறும். எங்கள் வார்டில் மற்ற மாதங்களில் காலியாகக் கிடக்கும் கட்டில்களில் சனவரியில் இரண்டு இரண்டு குழந்தைகள். மேற்கையில் நாடாவைச் சுற்றி இறுக்குவோம், 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு. பாதத்தில் கட்டைவிரலை வைத்து மூன்று நொடி அழுத்தி எடுத்தால், நீர் கோத்த பிள்ளைக்குக் குழி அப்படியே நிற்கும். இந்த நாட்டில்தான், 2000த்தின் தொடக்க ஆண்டுகளில், கடலை விழுதும் பால்மாவும் சேர்த்த உணவை வீட்டுக்கே கொடுத்தனுப்பி இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேற்ற முடியும் என்று மருத்துவர்கள் செய்து காட்டினார்கள். 'சிபொண்டே' என்ற அந்தப் பொட்டலங்களை நானும் நாள்தோறும் எண்ணிக் கொடுக்கிறேன். ஒரு கையால் மில்லிலிட்டர் கணக்கில் பால் அளந்து ஊற்றிவிட்டு, மறு கையால் அறுவடைத் திருநாள் என்று சொல்லிப் பாலை அடுப்பில் வழியவிடப் பார்த்திருக்கிறேன். வார்டுப் பாலைத் தொடவில்லை, கடையில் காசு கொடுத்து வாங்கிய பால்தான் என்பதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்.

நம் ஊர்க் கிறிஸ்துமஸ் குடிலில் பஞ்சை ஒட்டிப் பனி என்பதைப் பார்த்திருப்பீர்கள். பெத்லகேமில் எங்கே அப்படிப் பனி கொட்டிக் கிடந்தது, ஐரோப்பியக் குருக்கள் தங்கள் ஊர்க் குளிரை நம் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள் என்று துறவுப் பயிற்சிக்கான நவகன்னியர் மடத்தில் நாங்கள் எவ்வளவோ பேசியிருக்கிறோம். நானும் இங்கே ஒரு பிடி பஞ்சோடுதான் வந்து இறங்கியிருக்கிறேன். இன்னும் ஒன்று. தையில் கதிரவன் வடக்கே திரும்புகிறான், பகல் நீளும் என்பது நமக்குச் சரி. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் அவர்களுக்கு அவன் வடக்கே போகத் தொடங்கியதும் பகல் குறைகிறது. நான் கிழக்கு நோக்கிக் கும்பிட்டு நின்ற அந்தக் காலையில் கதிரவனும் தென்படவில்லை. முலாஞ்சே மலை தலைமுதல் கால்வரை மேகத்துக்குள் இருந்தது.

2023இல் பொங்கல் வைக்கவில்லை. முந்தைய மார்ச்சில் தொடங்கிய காலரா அந்தச் சனவரியில் உச்சத்தில் இருந்தது. 1,700க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்த நோய்க்கு நடுவில், கூடாரம் போட்டு உப்பு நீர் ஏற்றிக்கொண்டிருந்த எங்களுக்குத் தை பிறந்ததே அம்மாவின் குரல்பதிவைக் கேட்டுத்தான் தெரிந்தது. காலரா தணிந்து வருகையில் ஃபிரெடி வந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே பிப்ரவரித் தொடக்கத்தில் உருவாகி, இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து, மொசாம்பிக்கில் இரண்டு முறை கரையேறிய புயல் அது. மார்ச் 12 முதல் மூன்று நாள் தென்மலாவியில் பெய்த மழையை மழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முலாஞ்சே மலைச் சரிவுகள் சேறாகிப் பாறைகளோடு இறங்கின. அரசுக் கணக்கில் 679 பேர் இறந்தார்கள்; 500க்கும் மேற்பட்டோர் காணாமற்போனார்கள். கதிர் முற்றி இன்னும் ஒரு மாதத்தில் அறுக்கவேண்டிய மக்காச்சோளம் மணலுக்கடியில் போயிற்று. எங்கள் மையத்திலிருந்து ஆற்றுக்குப் போகும் வழியில், அதுவரை சோளக்காடாக இருந்த ஒரு நிலத்தில், இரண்டு ஆள் உயரப் பாறை ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அதற்குச் சொந்தக்காரர் மறு ஆண்டு அந்தப் பாறையைச் சுற்றியே விதை ஊன்றினார். வேறென்ன செய்வார்?

இந்த நிலையில் 2024 பொங்கலைப் பற்றி எனக்கு இரண்டு மனமாக இருந்தது. முந்தைய நவம்பரில் நாணய மதிப்பை இறக்கியதில், ஒரு டாலருக்கு 1,180 குவாச்சா என்றிருந்தது 1,700 ஆகி, எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் கைவைக்க முடியவில்லை. வேண்டாம் என்றுதான் முடிவு செய்தேன். வைத்தே ஆகவேண்டும் என்றவர் மலாவிச் சகோதரி. "நீங்கள் முற்றத்தில் தனியாக வைத்ததுதான் தவறு. தாய்மார் சமைக்கிற இடத்தில் வையுங்கள்" என்றார். மலாவி மருத்துவமனைகளில் நோயாளியோடு வரும் உறவினர் தாமே சமைத்துக்கொள்ள ஒரு கொட்டகை இருக்கும். மூன்று கல் வைத்த அடுப்புகள் வரிசையாக, கரி ஏறிய சுவரோடு, நம் ஊர்த் திருவிழாச் சமையல் கொட்டகை போலவே இருக்கும். வார்டுக் குழந்தைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஆகாது. அவர்களுக்கு அளந்த உணவுதான். ஆனால் அவர்களோடு வந்து, பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் தான் வெறும் வயிற்றோடு படுக்கிற தாய்க்கு ஒரு கிண்ணம் கொடுக்கத் தடையில்லை.

அந்த ஆண்டு தை முதல் நாள் சனவரி 15இல் விழுந்தது. மலாவியில் அது ஜான் சிலெம்ப்வே நாள், அரசு விடுமுறை. சிலெம்ப்வே யார் என்று அந்த நாட்டுப் பணத்தாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் இடம்பெற்ற முகங்களில் ஒன்று அவருடையது. பாப்டிஸ்ட் போதகர். அமெரிக்காவின் வர்ஜினியாவில் படித்துவிட்டு 1900இல் திரும்பிவந்து, சிராட்சுலுவில் தம் மிஷனை நிறுவிப் பள்ளிகள் கட்டினார். அந்நாளில் வெள்ளைக்காரத் தோட்டங்களுக்குள் குடியிருந்த குடியானவர், நிலவாடகைக்குப் பதிலாக உடலுழைப்புக் கொடுக்கவேண்டும். தன் காட்டில் ஊன்றிக் களையெடுக்க வேண்டிய அதே மழை மாதங்களில் முதலாளியின் காட்டில் நிற்கவேண்டும். அதற்குப் பெயர் 'தங்காட்டா'. உதவி என்று பொருள்படும் சொல்தான் அப்படிக் கட்டாய வேலைக்குப் பெயராயிற்று. நம்மிடமும் அப்படி ஒன்று உண்டு, திசை மட்டும் வேறு: திருவிதாங்கூரில் கூலியில்லாக் கட்டாய வேலைக்குப் பெயராக இருந்த 'ஊழியம்', இன்று சீர்திருத்தச் சபைகளில் நற்செய்திப் பணிக்குப் பெயராக இருக்கிறது. சிலெம்ப்வே 1915 சனவரி 23 அன்று கிளர்ந்தெழுந்தார். பிப்ரவரி 3ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எதிர்த்த தோட்டத்தின் உடைமையாளர், மறைபரப்பாளர் டேவிட் லிவிங்ஸ்டனின் பேரன். மறைபரப்பு என்று வந்தவள் அந்த விடுமுறையை வெறும் ஓய்வு நாளாகக் கழித்துவிட முடியாது. அதுவும் தங்காட்டாவின் சாயல் இன்றும் கண்ணெதிரே இருக்கும்போது: வீட்டில் மாவு தீர்ந்தவர் அடுத்தவர் காட்டில் 'கன்யூ' என்னும் நாள்கூலிக்குக் களையெடுக்கப் போகிறார், தன் காட்டில் களை மண்டுகிறது, விளைச்சல் குறைகிறது, மறு சனவரியில் மறுபடியும் மாவு தீர்கிறது. இப்போது மிரட்டி வேலை வாங்க யாரும் வேண்டியதில்லை; பசியே போதும்.

பானையை ஏற்றினோம். பன்னிரண்டு தாய்மார் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இன்று என்ன நாள் என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்த சிச்சேவாவில் விளக்கத் தொடங்கினேன். எங்கள் மக்கள் இந்த நாளில் பாலும் அரிசியும் வைப்பார்கள், விழாவின் பெயரே 'குசெஃபுகிரா' என்றேன். அகராதியில் பார்த்து மனப்பாடம் செய்த சொல். நிரம்பி வழிதல் என்று பொருள். கொட்டகை அமைதியாகிவிட்டது. ஒருவர் எழுந்து தன் அடுப்பைக் கவனிக்கப் போனார். அமாயி என் கையைத் தொட்டு, "குவிரா என்று சொல்லுங்கள், சகோதரி. குவிரா" என்று காதோடு சொன்னார். குவிரா என்றால் கொதித்தல். நான் திருத்திச் சொன்னேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் அமாயி விளக்கினார்: ஃபிரெடி வந்த நாள்களில் வானொலி காலையும் மாலையும் சொன்ன சொல் அதுதான். ஆறு கரை புரண்டு ஊருக்குள் வருவதற்கும் குசெஃபுகிரா என்றே பெயர். வெள்ளத்துக்குப் பிள்ளையைக் கொடுத்தவர் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் இருந்தார்.

பொங்கல் என்ற சொல்லில் வளத்தைத் தவிர வேறெதையும் நான் அதுவரை கேட்டதில்லை. 'கடல் பொங்கியது' என்று நாமும்தான் சொல்கிறோம். 2004 திசம்பரில் நாகப்பட்டினத்தில் தொண்டு செய்யப் போன எனக்கே அது நினைவுக்கு வராமல் போனது.

நுரை எழும்பியது. அமாயி அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். ஆனால் இந்த முறை விறகைத் தொடாமல் என் முகத்தைப் பார்த்தார். நுரை விளிம்புக்கு வந்து, ஒரு கணம் குவிந்து நின்றது. நான் குனிந்து விறகை இழுத்தேன். நுரை இறங்கியது. பன்னிரண்டு கிண்ணங்களிலும் ஊற்றி, மிச்சத்தை அமாயி வழித்துத் தம் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துப்போனார்.

அந்த ஆண்டு எல் நினோ வறட்சியில் பயிர் காய்ந்தது. மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23ஐப் பேரிடர்ப் பகுதியாகக் குடியரசுத் தலைவர் அறிவித்தார். ஆனாலும் மே மாதத்தில் ஒரு ஞாயிறன்று, காணிக்கைப் பவனியில் பெண்கள் ஆடிக்கொண்டே விளைச்சலைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் முறத்துக்கு 'லிச்செரோ' என்று பெயர்; வட்டமாக இருக்கும். எனக்கு முன்னால் போனவர் தலையில் இருந்த லிச்செரோவில் ஏழு கதிர்கள்தான் இருந்தன. எண்ணினேன். அதை அவர் பீடத்தின் அடியில் வைத்ததும் பின்வரிசையிலிருந்து நாக்கைச் சுழற்றி ஓர் ஒலி எழுந்தது. 'ந்துங்குலுலு' என்பார்கள். நம் குலவையேதான், சற்று உரக்க. நானும் சேர்ந்து குலவையிட்டேன். இருபது ஆண்டுகளாக இடாத குலவை; தொண்டை கட்டிக்கொண்டது. அமாயி திரும்பிப் பார்த்து, இவளுக்கு இது எப்படித் தெரியும் என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

2025 சனவரியில் தை முதல் நாள் 14ஆம் நாளாயிற்று. "சிலெம்ப்வேக்கு முந்திய நாள் உங்கள் பாலாவா?" என்று அமாயியே கேட்டு, காய்ந்த விறகாகப் பார்த்து ஒதுக்கி வைத்திருந்தார். கொட்டகையில் வைத்தோம், விறகை இழுத்தோம், ஊற்றிக் கொடுத்தோம். அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்து மணிக்கு அம்மாவின் அழைப்பு வந்தது. வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு அப்பாகூட என்னை 'வாங்க சிஸ்டர்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். அம்மாவுக்கு நான் இன்னும் பழைய ஆள்தான்.

"எந்தப் பக்கம்மா பொங்குச்சு?"

"பொங்கலம்மா. பொங்குறதுக்குள்ள வெறக இழுத்துட்டோம். மொத வருசமும் அப்படித்தான். ஒங்கிட்ட கெழக்குன்னு பொய் சொன்னேன்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னேன்: கோலத்தை நக்கிய பிள்ளையை, வெறுமையான தானியக் கூட்டை, வழிதல் என்றால் வெள்ளம் என்பதை. கேட்டு முடித்துவிட்டு அம்மா சொன்னார்: "எங்கம்மாவும் மார்கழில கடன் நெல்லு வாங்கித்தான் ஒல வச்சா. நாத்து நட்டதுலேர்ந்து அறுப்பு வரைக்கும் மரவள்ளிக் கெழங்கும் கீரையுந்தான். தை பொறந்தா வழி பொறக்கும்னு சும்மாவா சொன்னாங்க? அதுக்கு முந்தி வழி இல்லன்னுதான அர்த்தம்." நாற்பத்தாறு வயதுவரை அந்தப் பழமொழியைக் கல்யாணப் பேச்சுக்கு உரியதாகவே நான் கேட்டு வந்திருக்கிறேன். அம்மாயி கடன் நெல் வாங்கிய செய்தியும் எனக்கு அன்றுவரை தெரியாது.

"இப்ப அங்க என்ன நிக்குது காட்டுல?" என்று கேட்டார்.

"மக்காச்சோளம். இடுப்பளவு. இன்னும் பால் புடிக்கல."

"அப்ப பால் புடிச்சதும் எனக்கு ஒரு போன் போடு" என்றார் அம்மா. "அந்த அமாயிகிட்ட, வெறகு இழுக்கும்போது கையில ஈரத்துணி சுத்திக்கச் சொல்லு. கொப்பளிச்சிரும்."